நீலமாகத் தெரிந்த தண்ணீர்

அந்த விமானப் பயிற்சிக் கழகத்தில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் முழிப்பார்கள். ‘தட்டல் சார்’ என்று கேட்டால் ஓடுபாதை ஓரம் புல் வெட்டுகிறவர்கூடக் கையை நீட்டிக் காட்டிவிடுவார். அதோ, இறக்கைக்கு அடியில் குனிந்து விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். வயது ஐம்பத்தாறு, கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர். தகரம் எங்கே விட்டிருக்கிறது, ஆணி எங்கே தளர்ந்திருக்கிறது என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவதாக அவருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு பத்துக்கு ஏழு தடவை சரியாகவும் இருந்தது.

தட்டுகிற பழக்கம் விமானத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நாற்காலியில் உட்காருவதற்கு முன் தட்டுவார். பழக்கடையில் தட்டுவார். ஒருமுறை வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் நாலு சுவரையும் தட்டிக்கொண்டே வந்தபோது, வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல், குடிவரப் போகிறீர்களா இடிக்கப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டார். குடும்பத்தோடு எங்காவது கிளம்பினால் ஸ்கூட்டரை மூன்று சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைப் போடுவார். அவர் மனைவி தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் வேலை பார்ப்பவர். இந்தச் சுற்று முடிவதற்குள் தெருமுனை வரை நடந்துபோய் அங்கே நின்று ஏறிக்கொள்வது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

இதையெல்லாம் தட்டல் சாரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். தன்னைத் தானே வாருவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இளவயதில் பெரிய விமானக் கம்பெனியில் சேர இரண்டு தடவை நேர்முகத்துக்குப் போனார். முதல் தடவை ஆங்கிலம் வரவில்லை, இரண்டாம் தடவை வந்த ஆங்கிலம் நிற்கவில்லை என்பார். முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்ட வேண்டிய மனுஷன், ஒரே ஒரு ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இருபத்தாறு வருஷமாக அதே முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு மேலே சுற்றி வருவதாகச் சொல்வார். அவரிடம் படித்தவர்கள் பெரிய விமானங்களில் தலைமை விமானியாகி, எப்போதாவது எங்கிருந்தோ படம் அனுப்புவார்கள். அந்தப் படத்தில் இருக்கும் விமானத்தின் சக்கரம் மட்டும் தன் வீட்டுக் கதவு உயரம் இருக்கும் என்று மனைவியிடம் காட்டுவார்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தன்னைக் கிண்டல் செய்ததே இல்லை. பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றிவந்து பார்க்கும் பரிசோதனை. மூக்கில் ஆரம்பித்து, இடது இறக்கை, வால், வலது இறக்கை என்று சுற்றி மறுபடி மூக்குக்கு வந்து சேர மொத்தம் எண்பத்திரண்டு இடங்கள். அதைப் பற்றி நாற்பது பக்கத்தில் அவரே ஒரு கையேடு எழுதியிருந்தார். கழகம் அதை நகலெடுத்து எல்லா மாணவர்களுக்கும் கொடுத்தது. வாழ்க்கையில் தான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் கடைசியில் மண் விழுந்தது.

கையேட்டின் பதினாலாம் பக்கம் எரிபொருளைப் பற்றியது. இந்தச் சின்ன விமானங்களில் எரிபொருள் இறக்கைக்குள் இருக்கும். மழையிலோ பனியிலோ தண்ணீர் உள்ளே இறங்கினால் அது கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். அதனால் தினமும் முதலில் இறக்கையின் அடியில் இருக்கும் சின்ன வால்வை அழுத்தி, உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் கப்பில் கொஞ்சம் பிடித்துப் பார்க்க வேண்டும். எரிபொருளுக்கு இளநீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாமல் நிற்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். கோடு தெரிந்தால் தண்ணீர், தெரியாவிட்டால் சுத்தம். ஆனால் கப் முழுக்கத் தண்ணீராகவே இருந்தாலும் கோடு தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி நிறத்தைப் பார்ப்பது, அல்லது முகர்ந்து பார்ப்பது. இதற்காகத் தட்டல் சார் தடித்த எழுத்தில் ஒரு எச்சரிக்கை போட்டிருந்தார். கப்பை ஒருபோதும் வானத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காதே, வானம் எதையும் நீலமாக்கிக் காட்டும், வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பார்.

அவரிடம் அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பல் டாக்டர். கடைத்தெருவில் இரண்டாவது மாடியில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருக்கும் நாற்பத்தொன்பது வயதுப் பெண்மணி. இந்த வயதில் எதற்கு இது என்று சேரும் அன்றைக்குக் கழகத்துச் செக்ரட்டரி கேட்டதற்கு, இருபத்திரண்டு வருஷமாக ஒரு சாண் தூரத்தில் எதையாவது பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கொஞ்சம் தூரமாக எதையாவது பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்றாராம். மாணவர்களில் அந்தக் கையேட்டை முழுவதும் படித்தவர் அநேகமாக அவர் ஒருத்தர்தான். பென்சிலால் ஓரத்தில் கேள்வியெல்லாம் எழுதிவைத்திருப்பார். தனியாகப் பறக்கவிட இன்னும் மூன்று பாடம்தான் பாக்கி இருந்தது. அந்த நாளை டாக்டர் தன் மேசை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தது பிற்பாடுதான் சாருக்குத் தெரியும்.

அந்த வாரம் கொட்டகைக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். விமானம் ஒன்பது நாள் வெளியில் நின்றது. அதில் ஐந்து நாள் மழை. இடது இறக்கையில் எரிபொருள் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருப்பதாக மெக்கானிக் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார். புது வளையம் வரவேண்டியிருந்தது. இது தலைமைப் பயிற்சியாளருக்குத் தெரியும். தெரியாமல் என்ன, அவர்தான் அந்தத் தாளில் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டவர்.

பத்தாம் நாள் காலையில் வானம் துடைத்துவிட்டது போலப் பளிச்சென்று நீலமாகக் கிடந்தது. வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் கழகத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். செக்ரட்டரி அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து விமானத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, எங்கள் தலைமைப் பயிற்சியாளரின் பரிசோதனையைப் பாருங்கள், இந்த வட்டாரத்திலேயே இப்படி ஆள் கிடையாது என்று ஏற்றிவிட்டார். தட்டல் சாருக்கு ஆள் கூட்டம் பழக்கமில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவர் தட்டுவதை நின்று பார்த்தவர்கள் ஒரு மாணவரும் சில மாடுகளும்தான். அன்றைக்கு அவர் தட்டிய தட்டில் ஒரு கச்சேரிக் களை வந்துவிட்டது.

பரிசோதனையைச் செய்தது டாக்டர்தான், அதுதான் பாடம். சார் கூடவே நடந்து, வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். இடது இறக்கைக்கு அடியில் டாக்டர் கப்பில் பிடித்தார். குனிந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாரிடம் நீட்டினார்.

“சார், கோடு இல்ல. ஆனா நிறம் கொஞ்சம் கம்மியா இருக்கற மாதிரி தோணுது. நீங்க பாருங்க.”

இந்த இடத்தில் அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்பது அந்த ஊரிலேயே எல்லோரையும் விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் வியாபாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரியட்டும் என்று கையை உயர்த்திக் கப்பை நேராக வானத்துக்கு எதிரே பிடித்தார். நீலமாகத்தான் இருந்தது. ஏன் இருக்காது? அவ்வளவு பெரிய வானம் பின்னால் நிற்கிறதே.

“டாக்டர், இது பல் இல்ல. வெளுப்பா இருக்கா மஞ்சளா இருக்கான்னு ஆராய்ச்சி பண்ண வேண்டாம்” என்றார், கூட்டத்தைப் பார்த்தபடி.

கூட்டம் சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். சார் கப்பைப் புல்லில் வீசிக் கொட்டினார். மூக்கு என்று ஒன்று முகத்தின் நடுவில்தான் இருந்தது, அதைக் கப்பின் பக்கம் அரை அடி கொண்டுபோயிருந்தால் போதும். வலது இறக்கையில் பிடித்தது நல்ல நீலமாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க முதல் கப் புல்லுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. டாக்டர் படிவத்தில் எல்லா இடத்திலும் சரி போட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.

தரையை விட்டு எழும்பி நானூறு அடி போயிருப்பார்கள். என்ஜின் ஒருமுறை இருமியது. இரண்டாவது முறையும் இருமியது. மூன்றாவது இருமலோடு என்ஜின் நின்றேபோனது. “என் கையில்” என்று சொல்லிக் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டு மூக்கைத் தாழ்த்தினார். திரும்பிப் போக உயரம் போதாது, நேரே என்ன இருக்கிறதோ அதில் இறங்க வேண்டியதுதான். நேரே இருந்தது முட்டைக்கோஸ். அத்தனை வருஷமாக மேலே இருந்து பார்த்த தோட்டம், முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்க்கக் கிடைத்தது.

இறங்கியதைக் குறை சொல்ல முடியாது என்று பிற்பாடு விசாரணைக்காரர்களே சொன்னார்கள். சக்கரங்கள் தொட்டு நாற்பது அடி ஓடின. அதற்குள் மழையில் ஊறிய மண்ணில் முன்சக்கரம் புதைந்து, விமானம் வாலைத் தூக்கிக்கொண்டு மூக்கில் நின்றது. சாரின் வாய் முன்பலகையில் போய் மோதியது. டாக்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை. வார்ப்பட்டையில் தொங்கிக்கொண்டே அவர் முதலில் சொன்னது, “வாயைத் திறங்க சார், எது போச்சுன்னு பாக்கறேன்.”

முன்பல் ஒன்று பாதியாகியிருந்தது. இருவரும் இறங்கி வெளியே வந்தபோது தோட்டக்காரப் பெண்மணி அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். விமானத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரோடு அந்தப் பக்கம் இருக்குதுங்க என்று வழி காட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சார் இதைக் கதையாகச் சொன்ன விதம் அபாரம். வீங்கின உதட்டோடு முட்டைக்கோஸ் சங்கதி, தோட்டக்காரி வழி காட்டியது, தலைகீழாகத் தொங்கியபடி பல் வைத்தியம், தான் கூட்டத்துக்கு முன்னால் அடித்த பல் ஜோக், எல்லாவற்றையும் சொல்லி மனைவியைக் கண்ணில் நீர் வரச் சிரிக்க வைத்தார். உயிர் பிழைத்த சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் இடது இறக்கையிலிருந்து ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். சாருக்குச் சிரிப்பு அதோடு நின்றது.

செக்ரட்டரி அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கழகத்தின் விதி தெளிவாக இருந்தது. பரிசோதனைப் படிவத்தில் யார் கையெழுத்தோ அவர் பொறுப்பு. பரிசோதனையில் விட்ட குறையால் விபத்து என்று ஆனால், மாணவரை நீக்க வேண்டும், திரும்பச் சேர்க்கக் கூடாது. கழகத்துக்குக் கெட்ட பெயர் இல்லை, தலைமைப் பயிற்சியாளர் விமானத்தை அழகாக இறக்கினார் என்ற நல்ல பெயர் வேறு. நீங்கள் எதுவும் பொய் சொல்ல வேண்டாம், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார் செக்ரட்டரி. தட்டல் சார் மேசையை இரண்டு தட்டு தட்டிவிட்டு வெளியே வந்தார்.

உடைந்த பல்லை அப்படியே விட்டால் நரம்பு கெட்டுவிடும் என்று டாக்டரே இரண்டு தடவை போன் செய்து வரச் சொன்னார். போகாமல் இருக்க அவர் என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். நாலாம் நாள் வலி பொறுக்காமல் போனார். சாய்நாற்காலியில் படுத்ததும் டாக்டர் வாய்க்குள் பஞ்சு வைத்து, உறிஞ்சு குழாயை மாட்டி, விளக்கைத் திருப்பினார். அவர் வாய் முழுவதுமாகத் திறந்து, ஒரு வார்த்தையும் வெளியே வர முடியாத நிலையில் இருந்தபோது டாக்டர் பேச ஆரம்பித்தார்.

“என்னாலதான் சார் இது. கையெழுத்து என்னுது. இத்தனை தடவை படிச்சுட்டு, எதிர்ல இருந்த தண்ணி எனக்குத் தெரியல. உங்க உயிருக்கே வினையாயிருக்கும். விசாரணை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நானே விலகிடறேன்னு எழுதிக் கொடுத்துடலாம்னு இருக்கேன்.”

தட்டல் சார் “ஆ” என்றார். வலிக்கிறதா என்று கேட்டு டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். அவர் மறுபடி “ஆ, ஆ” என்று கையை ஆட்டினார். முடிந்தது முடிந்தது என்று டாக்டர் சமாதானம் சொன்னார். இப்படி முக்கால் மணி நேரம் ஒரு மனுஷி தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டே அவருடைய பல்லைச் சரிசெய்தார். பஞ்சை எடுத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, இப்போது பேசலாம் என்றும் சொன்னார். பேச வாய் இருந்தது, நேரம் இருந்தது, அறையில் வேறு யாரும் இல்லை. தட்டல் சார் தாங்க்ஸ் சொன்னார். அப்புறம் படியிறங்கி வந்துவிட்டார்.

அன்றைக்குத் தான் எப்படிப்பட்ட ஆள் என்பதைப் படிக்கட்டில் வைத்தே அவர் தெரிந்துகொண்டார். மரத்துப்போயிருந்த உதட்டோடு மொத்தம் முப்பத்தாறு படிகள். ஒவ்வொரு படியிலும் திரும்பிப் போகலாம் என்று தோன்றியது, ஒவ்வொரு படியிலும் கால் கீழேதான் போனது. பயம்தான் காரணம், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அந்தக் கையேடு போனால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்ற பயம்.

விசாரணைக்கு எழுத்தில் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். ஒரு வரிகூடப் பொய் இல்லை. பரிசோதனையை மாணவர் செய்தார், கப்பில் கோடு தென்படவில்லை, படிவத்தில் மாணவர் கையெழுத்திட்டார், என்ஜின் நின்றதும் நான் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டேன். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தார். பார்சல் பிரிவில் அந்த அம்மாள் நாள் முழுக்கச் செய்கிற வேலையே, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கையில் தூக்கிப் பார்ப்பதுதான். இரண்டு பக்கத்தையும் படித்து முடித்து, தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார்.

“அன்னிக்கு என்கிட்ட சொன்னப்போ ஒரு பல் ஜோக் சொன்னீங்களே. அது இதுல எங்க?”

விசாரணையில் போய் ஜோக்கா எழுதுவார்கள் என்று அவர் மழுப்பினார். மனைவி சிரிக்கவில்லை.

“அந்த அம்மா ஏதோ கேட்டதுக்குத்தானே அந்த ஜோக்? என்ன கேட்டாங்க?”

அவர் பேனாவை மூடிவைத்தார். மனைவி தாளை மடித்து அவர் பக்கம் தள்ளிவிட்டு, பிழை எதுவும் இல்லை என்று சொல்லி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். இருபத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவர் வாங்கிய திட்டுகளில் அதற்கு இணை கிடையாது. பொழுது சாயும் வரை அவர் மேசையைக்கூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

விசாரணை விபத்து நடந்து மூன்று வாரம் கழித்து, கழகத்தின் வகுப்பறையிலேயே நடந்தது. அதிகாரி மெல்லிய குரல்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு பேசுபவர். முதலில் டாக்டரைக் கேட்டார். கப்பில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்ததா? டாக்டர் கொஞ்சம் யோசித்து, இல்லை, எனக்கு எதுவும் தெரியவில்லை என்றார். தட்டல் சாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அம்மாள் பொய் சொல்கிறவரும் இல்லை, யாரையோ காப்பாற்றுகிற முகமாகவும் அது இல்லை. நிறம் கம்மி என்று தான் கேட்டதையே டாக்டர் மறந்துபோயிருந்தார், அல்லது கேட்கவில்லை என்று நம்ப ஆரம்பித்திருந்தார்.

அதிகாரி கையேட்டைப் புரட்டி, பதினாலாம் பக்கத்தை உரக்கப் படித்தார். வெள்ளைத் தாள், வானம், நீலம், எல்லாம் வந்தது. மிகவும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்தும் மாணவர் பார்க்கத் தவறியிருக்கிறார் என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். செக்ரட்டரி தலையை ஆட்டினார். பேனா தாளைத் தொட்டது.

“எழுதாதீங்க சார்” என்றார் தட்டல் சார். குரல் அவருக்கே கேட்கவில்லை, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. “அவங்க பார்த்தாங்க. நிறம் கம்மியா இருக்குன்னு கப்பை என்கிட்ட கொடுத்தாங்க. வானத்துக்கு நேரா பிடிச்சு சரின்னு சொன்னது நான். கொட்டினதும் நான். நல்லாப் பாக்கணும்னு கேட்டவங்களை நாலு பேர் முன்னாடி கேலி பண்ணேன்.”

அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தை நீங்கள்தானே எழுதினீர்கள் என்று கேட்டார். ஆமாம், தடித்த எழுத்தில் போடச் சொன்னதும் நான்தான் என்றார் அவர். அதற்கு மேல் விசாரணை பத்து நிமிஷம் கூட நடக்கவில்லை. பயிற்சியாளர் உரிமம் ஒரு வருஷம் நிறுத்தம், அதன்பின் பரிசோதனைப் பாடத்தை மறுபடி மாணவராக உட்கார்ந்து படித்துத் தேற வேண்டும் என்று முடிவானது. அவர் எழுதிய கையேட்டிலிருந்துதான் கேள்வி வரும். டாக்டர் மேல் குறை இல்லை என்று எழுதினார்கள்.

வெளியே நடைபாதையில் டாக்டர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். உள்ளதைச் சொல்வதானால், சாருக்கு மனசு லேசாக இருந்தது. சொல்லிவிட்டோம், ஒரு வழியாக மனுஷனாகிவிட்டோம் என்ற எண்ணம். போகிற வழியிலேயே ஒரு வசனம் தயாராகிவிட்டது. சொந்தப் புத்தகத்திலேயே பெயிலாகப் போகிற ஒரே வாத்தியார் நான்தான் டாக்டர் என்று ஆரம்பிக்கலாம்.

“டாக்டர், சொந்தப் புத்தகத்துல…”

“அப்போ நான் கேட்டேன்” என்றார் டாக்டர்.

அவர் சொன்னது சாரிடம் இல்லை. ஜன்னலைப் பார்த்துத் தனக்குத்தானே சொன்ன மாதிரி இருந்தது. பிறகுதான் திரும்பினார்.

“கேட்டேன்னுதான் முதல்ல நினைச்சேன். நீங்க வந்து நாற்காலியில படுத்தீங்க, நான் அவ்வளவு பேசினேன், நீங்க ஒண்ணும் சொல்லல. அப்போ நானா கற்பனை பண்ணிக்கிட்டேன் போலன்னு விட்டுட்டேன். மூணு வாரமா ஒரு பல்லைக்கூட நம்பிப் பிடுங்கல சார். ஒவ்வொரு எக்ஸ்ரேயையும் நர்ஸ்கிட்ட காட்டி, உனக்கும் இப்படித்தான் தெரியுதான்னு கேக்கறேன். இருபத்திரண்டு வருஷமா இந்தக் கண்ணை வெச்சுத்தான் பிழைக்கிறேன்.”

தட்டல் சார் வாயைத் திறந்தார். தன்னைப் பற்றி இன்னொரு கிண்டல்தான் நாக்கு நுனிக்கு வந்தது, வழக்கமாக வருவது அதுதான்.

“வேண்டாம்” என்றார் டாக்டர். “இப்போ உங்களை நீங்களே கிண்டல் பண்ணிப்பீங்க. நான் சிரிச்சுடுவேன். சிரிச்சுட்டா எல்லாம் சரியாப் போயிடும். அன்னிக்கும் சிரிச்சேன்ல.”

அவருக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாகத் தன்னை வாரிக்கொண்டதெல்லாம் எதற்கு என்று அப்போது விளங்கியது. தானே முந்திக்கொண்டு தன்னைக் கேலி செய்துவிட்டால் அடுத்தவர் கோபப்பட இடமில்லை. இவ்வளவு மலிவாகத் தப்பிக்கிற வழியை அவர் அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. படிக்கட்டில் பட்ட வெட்கத்தைவிட இது அதிகமாக இருந்தது.

“நீங்க கேட்டீங்க” என்றார். “சரியாத்தான் பார்த்தீங்க. தப்பு என்னுது. நாற்காலியிலேயே சொல்லியிருக்கணும், சொல்லல. மன்னிச்சிடுங்க.”

அவ்வளவுதான். பின்னால் ஒட்டிக்கொள்ள ஒரு ஜோக்கும் இல்லாமல் அவர் பேசி முடித்தது அவருக்கே விசித்திரமாக இருந்தது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டாக்டர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்துப் பிரித்தார்.

“எனக்கு மூணு பாடம் பாக்கி இருக்கு. இனிமே யார் எடுப்பாங்க?”

அவர் இரண்டாவது பயிற்சியாளரைச் சொன்னார். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் சும்மாதான் இருப்பார் என்றும் சொன்னார். டாக்டர் புதன், ஏழு மணி என்று எழுதிக்கொண்டு, எழுதியதை ஒருமுறை பார்த்துவிட்டு, டைரியை மூடி வைத்துக்கொண்டு போனார்.